ஜேம்ஸ் ஜேமர்சனும் அவருடைய பேஸ் கிட்டாரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960களில் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் நிறுவனம் வெளியிட்ட பாடல்களைக் கேட்டு, தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிட்டார் மீது ஆசைப்பட்டவர்கள் எப்படியும் ஒரு கட்டத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற பெயரில் வந்து நிற்பார்கள். பெயரை அறிந்ததும் அடுத்து எழுபவை பெரும்பாலும் கருவியைப் பற்றிய கேள்விகள்: அது என்ன கிட்டார், என்ன தந்தி, எந்த ஆம்ப்ளிஃபையர், அந்த ஒலி எங்கிருந்து வருகிறது. அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகளுக்கு அடியில் ஓடும் என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜேமர்சன் கடைசி வரை மனத்தளவில் டபுள் பேஸ் (நிறுத்திவைத்து வாசிக்கும் பெரிய மரப் பேஸ் வாத்தியம்) கலைஞராகவே இருந்தார். ஃபெண்டர் நிறுவனத்தின் மின் பேஸ் கிட்டாரையும் தோளில் மாட்டிக்கொள்ளத்தக்க டபுள் பேஸாகவே நடத்தினார். அவருடைய விசித்திரப் பழக்கங்கள் என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை, இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் விசித்திரமாகத் தெரிவதில்லை.

ஜேமர்சன் யார்? அவரை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

அவர் 1936 ஜனவரி 29 அன்று அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டனுக்கு அருகிலுள்ள எடிஸ்டோ தீவில் பிறந்தார். 1954இல் தாயுடன் டெட்ராய்ட்டில் குடியேறினார். 1959 முதல் பெரி கார்டியின் மோடவுன் நிறுவனத்தில் வாசிக்கத் தொடங்கி, அந்த நிறுவனத்தின் நிரந்தர வாத்தியக் கலைஞர்களான ஃபங்க் பிரதர்ஸ் குழுவின் பேஸ் கலைஞராக நிலைபெற்றார். த சுப்ரீம்ஸ், த டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ், மார்வின் கே, ஸ்டீவி வொண்டர் என்று அந்தப் பத்தாண்டில் மோடவுனிலிருந்து உலகம் கேட்ட குரல்களுக்கு அடியில் நடந்துகொண்டிருந்த பேஸ் பெரும்பாலும் அவருடையதுதான்.

அவருக்கு முன்பு ஜனரஞ்சகப் பாடல்களில் பேஸ் கலைஞரின் வேலை, தாளத்துக்கு ஒன்றாக அடிப்படைச் சுரத்தைத் தட்டிக்கொண்டு நிற்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஜேமர்சன் அந்த இடத்தில் ஓர் எதிர்ப்பாட்டையே வைத்தார்: சுரங்களுக்கு இடையே அரைச்சுர நடை, எதிர்பாராத இடத்தில் ஒரு மௌனம், பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சிறு பதில். பால் மெக்கார்ட்னி தம்மைப் பாதித்த பேஸ் கலைஞர்களில் முதன்மையாகச் சொல்வது இவரைத்தான். இத்தனைக்கும் அந்த ஆண்டுகளில் மோடவுன் இசைத்தட்டுகளின் உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர் அச்சிடப்படவில்லை. அவரைப் பின்பற்றியவர்களில் பலர், யாரைப் பின்பற்றுகிறோம் என்று அறியாமலேயே பின்பற்றினார்கள்.

அவருடைய முதல் கருவி எது?

சிறுவனாக இருந்தபோது ஒரு குச்சியில் ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டி, அதை எறும்புப் புற்றில் ஊன்றி, மீட்டி எறும்புகளை ஆடவைக்கப் பார்த்தார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. அதைக் கணக்கில் சேர்ப்பதும் விடுவதும் வாசகரின் விருப்பம். முறையாகக் கற்றது டெட்ராய்ட்டின் நார்த்வெஸ்டர்ன் உயர்நிலைப் பள்ளியில் டபுள் பேஸ். பள்ளிப் படிப்பு முடிந்தபின் ஜெர்மனியில் செய்யப்பட்ட ஒரு டபுள் பேஸை வாங்கி, நகரத்தின் ஜாஸ் விடுதிகளில் வாசித்துவந்தார். மோடவுனுக்குள் அவர் நுழைந்ததும் இந்தக் கருவியோடுதான்.

டபுள் பேஸில் தந்தியின் அதிரும் நீளம் ஏறக்குறைய 105 சென்டிமீட்டர். தந்திகள் தடித்தவை, விரற்பலகையிலிருந்து நன்கு உயர்ந்து நிற்பவை. விரலின் சதையால் வலுவாக இழுத்தால்தான் பெரிய மரப்பெட்டி முழுவதும் அதிர்ந்து ஒலி கூடத்தின் கடைசி வரை போகும். மீட்டிய ஒலியோ நெடுநேரம் நிற்காது. கனமாக எழுந்து விரைவில் அடங்கிவிடும். பதின்ம வயதிலிருந்து அவர் கையும் காதும் பழகியது இந்த எதிர்ப்புக்கும் இந்த ஒலிக்கும்தான்.

மின் கருவிக்கு எப்போது மாறினார்?

1960களின் தொடக்கத்தில். லியோ ஃபெண்டர் 1951இல் சந்தைக்குக் கொண்டுவந்த பிரசிஷன் பேஸ் அதற்குள் பத்தாண்டு வயதை எட்டியிருந்தது. 34 அங்குல, அதாவது சுமார் 86 சென்டிமீட்டர் நீளத் தந்தி, விரற்பலகையில் குறுக்கே பதித்து, சுரத்தைப் பிசகாமல் பிடிக்க உதவும் உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள், தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறிவிடக்கூடிய அளவு ஆகியவற்றால் அது ஊர் ஊராகப் போகும் கலைஞர்களுக்கு வசதியாக இருந்தது. பலத்த டிரம்ஸுக்கும் மின் கிட்டாருக்கும் நடுவே டபுள் பேஸ் காணாமல் போய்விடும் என்ற சிக்கலும் இதில் இல்லை.

ஜேமர்சனின் முதல் மின் கருவி 1957ஆம் ஆண்டுப் பிரசிஷன். அது முன்பு ஹொரேஸ் ரூத் என்ற சக பேஸ் கலைஞரிடம் இருந்தது. கறுப்பு வண்ணம் பூசப்பட்டு, பொன்னிற உலோகத் தகடும் மேப்பிள் விரற்பலகையும் கொண்டிருந்தது. அதற்கு 'பிளாக் பியூட்டி' என்று பெயர். அது களவு போனது. பிரசிஷனின் வடிவம் மாற்றியமைக்கப்பட்டு, இரண்டு துண்டுகளாகப் பிரிந்த பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) அதில் இடம்பெற்றதும் 1957இல்தான்; ஆகவே முதல் மின்கருவியிலிருந்தே இந்தப் பிரிந்த பிக்கப்பின் ஒலிதான் அவருடைய ஒலி.

'ஃபங்க் மெஷின்' என்பது என்ன?

அதன் பின் அவரிடம் வந்து, புகழின் உச்சக்கட்டப் பதிவுகளில் ஒலித்த 1962ஆம் ஆண்டுப் பிரசிஷன் அது. அதில் தனிச்சிறப்பாகச் செய்யப்பட்டது எதுவும் இல்லை. கடையில் தொங்கிய கருவி எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. நடுவில் மஞ்சளாகத் தொடங்கி விளிம்பில் கறுப்பாக முடியும் சன்பர்ஸ்ட் வண்ணம், ஆமையோட்டுச் சாயலில் பிளாஸ்டிக் தகடு, ரோஸ்வுட் விரற்பலகை, பிக்கப்புக்கு மேலும், தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜுக்கு மேலும் குரோம் மூடிகள். பலர் இந்த மூடிகளைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். சிலர் அவற்றைச் சிகரெட் சாம்பல் தட்டுவதற்கு வைத்துக்கொள்வார்கள். ஜேமர்சன் இரண்டையும் அப்படியே விட்டுவைத்தார். இரண்டுக்கும் அவரிடம் வேலை இருந்தது. அது கீழே வருகிறது.

கழுத்து உடலோடு சேரும் இடத்தில் ஃபங்க் என்ற சொல்லை அவரே செதுக்கி நீல மையால் நிரப்பியிருந்தார். இந்தக் கருவியில் அவர் செய்துகொண்ட ஒரே அலங்காரம் அதுவே எனலாம்.

தந்திகளை அவர் மாற்றவே மாட்டார் என்பது உண்மையா?

உண்மை. ஒன்று அறுந்தால் அந்த ஒன்றை மாற்றுவார். மற்றவை இருந்தபடி இருக்கும். அவர் பயன்படுத்தியவை லா பெல்லா நிறுவனத்தின் கனமான ஃப்ளாட்வவுண்ட் தந்திகள்: மெல்லியது 0.052 அங்குலம், தடித்தது 0.110 அங்குலம். இன்று கடைகளில் பரவலாகக் கிடைப்பவை 0.045இல் தொடங்கி 0.105இல் முடிபவை என்பதோடு ஒப்பிட்டால், மேல் தந்தியில்தான் வேறுபாடு பெரிதாக இருப்பது தெரியும். அந்தத் தந்தியையே சுரத்துக்கு இழுத்துக் கட்டினால் கைக்கு விறைப்பாக நிற்கும்.

ஃப்ளாட்வவுண்ட் என்பது உள்ளிருக்கும் எஃகுக் கம்பியின் மேல் தட்டையான உலோக நாடாவைச் சுற்றிய தந்தி. ரவுண்ட்வவுண்ட் தந்தியில் வட்டக் கம்பி சுற்றப்பட்டிருப்பதால் மேற்பரப்பு வரிவரியாக இருக்கும். விரல் நகரும்போது கீச்சென்ற ஒலி எழும். அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் மேற்சுரங்கள் பளிச்சென்று கேட்கும். ஃப்ளாட்வவுண்டின் மேற்பரப்பு வழவழப்பானது, ஒலியும் இருண்டது. இதையே பல ஆண்டுகள் மாற்றாமல் வாசித்தால், விரலின் எண்ணெயும் வியர்வையும் தூசியும் சுற்றுகளின் இடுக்குகளில் படிந்து, தந்தியின் நுண்ணிய அதிர்வுகளை விழுங்கத் தொடங்கும். மிஞ்சுவது அடிப்படைச் சுரமும், அதன் மேல் சில தாழ்ந்த மேற்சுரங்களும், தொடக்கத்தில் ஒரு மொத்தலும்தான். அந்த அழுக்கில்தான் தம் ஒலி இருக்கிறது என்பது ஜேமர்சனின் உறுதியான நம்பிக்கை. பழகிய தோசைக்கல்லை யாரும் சோப்பு போட்டுத் தேய்க்கமாட்டார்கள் அல்லவா, அதுபோலத்தான் இதுவும்.

இதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பழைய தந்தியின் எடை எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆகவே கழுத்தின் மேல் பகுதிக்குப் போகப்போகச் சுரம் பிசகும். ஜேமர்சன் திறந்த தந்திகளையும் கழுத்தின் தொடக்கப் பகுதியையும் பெரிதும் நம்பி வாசித்தவர் என்பதால் அந்தக் குறை அவரை அவ்வளவாகத் தொட்டதில்லை. எல்லா ஃப்ரெட்டுகளிலும் ஓடி வாசிக்கும் ஒருவர் இதே பிடிவாதத்தைப் பிடித்தால் பக்கத்தில் நிற்கும் பியானோக்காரர் முகம் சுளிப்பார்.

பிரிட்ஜ் மூடிக்குள் இருந்த ஃபோம் எதற்கு?

அக்காலத்து ஃபெண்டர் பேஸ்களில் பிரிட்ஜை மறைக்கும் குரோம் மூடிக்குள், தந்திகளின் முனையை மெல்ல அழுத்தும்படி ஓர் ஃபோம் துண்டு தொழிற்சாலையிலேயே ஒட்டப்பட்டிருந்தது. டபுள் பேஸுக்குப் பதிலாக இதை வாங்குபவர்களுக்கு அந்த ஒலியை ஓரளவாவது தரவேண்டும் என்பது அதன் நோக்கம். தந்தியின் அதிர்வு பிரிட்ஜ் அருகே தடைபடுவதால் உயர்ந்த மேற்சுரங்கள் முதலில் சாகும். ஒலி நிற்கும் நேரமும் குறையும். சுரம் எழுந்து, தன் வேலையை முடித்துக்கொண்டு, அடுத்த சுரத்துக்கு வழிவிடும்.

ஜேமர்சனின் நெருக்கமான நடைகளுக்கு இது மிக முக்கியம். ஒரு தாளத்துக்கு நான்காகப் பதினாறாம் பகுதிச் சுரங்களை அடுக்கி வாசிக்கும்போது ஒவ்வொன்றும் நீண்டு ஒலித்தால், கீழ்ச்சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். ஃபோம் இருந்ததால்தான் அவ்வளவு சுரங்களைச் சொல்லியும் அவர் பாட்டை அடைக்காமல் இருந்தார் என்று நான் நினைக்கிறேன். மற்றவர்கள் கழற்றிய மூடியை அவர் கழற்றாததன் பயன் இது.

டோன் குமிழைக் குறைத்துத்தானே அந்த இருண்ட ஒலியைக் கொண்டுவந்தார்?

இல்லை. கருவியிலிருந்த ஒலி அளவுக் குமிழும் டோன் குமிழும் வழக்கமாக முழுவதும் திறந்தே இருந்தன. இருட்டைத் தந்தவை தந்தியும் ஃபோமும் விரலின் சதையும். மின்சுற்று எதையும் வெட்டவில்லை. அதனால்தான் அவர் ஒலியில் கனமும் இருக்கிறது, சுரம் தொடங்கும் கணமும் தெளிவாகக் கேட்கிறது. புதிய ரவுண்ட்வவுண்ட் தந்திகளைக் கட்டிக்கொண்டு டோன் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புபவர்களுக்குக் கிடைப்பது வேறு ஒலி. அது போர்வைக்கு அடியிலிருந்து வருவதுபோல மழுங்கி இருக்கும்.

கருவியின் கழுத்து வளைந்திருந்தது என்கிறார்களே?

அந்தக் கருவியை எடுத்து வாசித்துப் பார்த்தவர்களில் பலர், அதில் வாசிப்பது ஆகாத காரியம் என்றே சொன்னார்கள். தந்திகள் மிக உயரத்தில் நின்றன. கனமான தந்திகளின் இழுவிசை ஆண்டுக்கணக்கில் ஒரு மரக்கழுத்தின் மேல் இருந்தால் அது முன்னோக்கி வளைவது இயல்பு. அதைச் சரிசெய்ய உள்ளே ஓர் எஃகுக் கம்பி இருக்கிறது. ஆனால் அக்காலத்து ஃபெண்டரில் அதன் திருகு, கழுத்து உடலோடு சேரும் முனையில் இருப்பதால், கழுத்தின் திருகாணிகளைத் தளர்த்தினால்தான் அதைத் தொட முடியும். ஜேமர்சன் அந்தச் சிரமத்தை மேற்கொள்ளும் மனிதர் அல்லர். உயர்ந்த தந்தியால் ஒலியின் தரம் கூடுகிறது என்பதும் அவருடைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில் உண்மை உண்டு. தந்தி தாழ்ந்திருந்தால், வலுவாக மீட்டும்போது அது ஃப்ரெட்டில் மோதிச் சலசலக்கும். எனவே கலைஞர் தம் கையின் வலிமையை அடக்கியே வாசிக்க வேண்டும். உயரத்தில் இருக்கும் தந்தியை எவ்வளவு வலுவாக இழுத்தாலும் அதற்கு இடம் இருக்கிறது. இடது கைக்குத்தான் வேதனை. டபுள் பேஸில் வளர்ந்த இடது கைக்கு அந்த வேதனை பழைய அறிமுகம்.

ஒரே விரலால் வாசித்தாரா?

வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் பொதுவாக மீட்டினார். அந்த விரலுக்கே 'ஹூக்', அதாவது கொக்கி, என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் பிக்கப்பின் குரோம் மூடியின் மேல் ஊன்றி நின்றன. அவர் விட்டுவைத்த இரண்டாவது மூடியின் வேலை இது.

இன்றைய பேஸ் ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி மீட்டக் கற்றுத்தருகிறார்கள். வேகத்துக்கு அது சரி. ஆனால் இரண்டு விரல்களின் நீளமும் சதையும் வலிமையும் ஒன்றல்ல. எவ்வளவு பயின்றாலும் அடுத்தடுத்த சுரங்களின் நிறத்தில் ஒரு மெல்லிய ஏற்றத்தாழ்வு இருக்கும். ஒரே விரல் மீட்டும்போது நிறம் மாறுவதில்லை. மாறுவது அழுத்தம் மட்டும். அதையும் கலைஞர் வேண்டியே மாற்றுகிறார். ஜேமர்சனின் வரிகளில் சில சுரங்கள் முழு ஒலியோடும், இடையில் சில வெறும் தட்டலாகவும் வருவதைக் கேட்கலாம். இந்த ஏற்ற இறக்கம் ஒரு விரல் தன் கட்டுப்பாட்டில் செய்த வேலை.

மேல் தந்தியிலிருந்து கீழ்த் தந்திக்கு இறங்கும்போது விரல் ஒரே இழுப்பில் இரண்டையும் தொட்டுப் போகிறது. திறந்த தந்தியை இடையில் மீட்டும்போது இடது கை அடுத்த இடத்துக்கு நகர அவகாசம் கிடைக்கிறது. இவ்விரண்டும் ஜாஸ் டபுள் பேஸ் கலைஞர்களின் நெடுநாள் வழக்கங்கள். 1968இல் ஸ்டீவி வொண்டர் பாடி வெளியான ‘ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்’ பாடலின் பேஸை மட்டும் தனியாகக் கேட்பவர்களுக்கு, இது ஒரே விரலின் வேலை என்று நம்ப மனம் வராது. அந்தப் பாடல் முழுவதிலும் அவர் ஒரு சொற்றொடரை அப்படியே திரும்பச் சொல்வது அரிது.

எந்த ஆம்ப்ளிஃபையரைப் பயன்படுத்தினார்?

விடுதிகளில் ஆம்பெக் பி-15. ஒரே ஒரு 15 அங்குல ஒலிபெருக்கியும், அதன் பெட்டிக்குள்ளேயே கவிழ்த்து வைத்துக்கொள்ளக்கூடிய வால்வு ஆம்ப்ளிஃபையரும் கொண்டது. பெரிய அரங்குகளில் நீல நிற ரெக்சின் போர்த்திய, இரண்டு 15 அங்குல ஒலிபெருக்கிகள் கொண்ட, கஸ்டம் நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபையர். இரண்டிலும் தாழ்ந்த ஒலிக்கான பேஸ் குமிழ் முழுவதும், உயர்ந்த ஒலிக்கான டிரெபிள் குமிழ் பாதியும் திறந்திருக்கும்.

ஸ்டூடியோவிலும் அதே ஆம்ப்ளிஃபையர்தானா?

பெரும்பாலும் இல்லை. இங்கேதான் பலர் தவறான பொருளைத் தேடி அலைகிறார்கள்.

மோடவுனின் ஸ்டூடியோ ஏ, டெட்ராய்ட்டின் வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் 2648ஆம் எண் கொண்ட ஒரு வீட்டோடு சேர்ந்திருந்தது. கம்பிகள் எங்கும் நெளிந்து கிடந்த அந்த அறைக்குக் கலைஞர்கள் 'பாம்புக்குழி' என்று பெயரிட்டிருந்தார்கள். சிறிய அறை; ஒரு மூலையில் டிரம்ஸ், பியானோ, தாள வாத்தியங்கள். அதில் மூன்று கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களும் ஒரு பேஸ் ஆம்ப்ளிஃபையரும் முழங்கினால் எல்லா மைக்கிலும் எல்லாமும் போய் விழும். ஆகவே எடி வில்லிஸ், ராபர்ட் வைட், ஜோ மெசினா ஆகியோரின் கிட்டார்களோடு ஜேமர்சனின் பேஸும், நிறுவனத்துக்கென்றே செய்யப்பட்ட, ஒலிகளைக் கலந்து பதிவுக்கு அனுப்பும் மிக்ஸிங் கன்சோலில் நேரடியாகச் செருகப்பட்டது. ஒலிபெருக்கியும் மைக்கும் இடையில் இல்லாததால், விரல் தந்தியில் செய்த ஒவ்வொன்றும் நேராக ஒலிப்பதிவு நாடாவுக்குப் போனது.

ஜேமர்சன் தம் ஒலியளவைக் கன்சோலில் சற்றே எல்லை மீறும் அளவுக்கு வைத்துக்கொள்வார். கன்சோலின் வால்வுகள் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்) திணறும்போது ஒலியின் உச்சிகள் மழுங்கி மெல்லிய கரகரப்பு சேரும். பலத்த சுரமும் மெலிந்த சுரமும் ஒன்றையொன்று நெருங்கும். இதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. பேஸின் கடைசித் திறந்த தந்தியின் அடிப்படை அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். 1960களின் கார் வானொலியும் கையடக்க டிரான்சிஸ்டரும் அதைத் தொடவே முடியாது. ஆனால் கரகரப்பினால் கூடும் மேற்சுரங்களை அந்தச் சிறு ஒலிபெருக்கிகளால் எழுப்ப முடியும். மேற்சுரங்களின் வரிசையைக் கேட்கும் காது, இல்லாத அடிச்சுரத்தைத் தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும். மோடவுனின் வாடிக்கையாளர்கள் பாட்டைக் கேட்ட இடம் பெரும்பாலும் காரும் டிரான்சிஸ்டரும்தான் என்பதை நினைத்தால், அந்தச் சிறிய திணறலின் மதிப்பு புரியும்.

எந்தப் பதிவில் டபுள் பேஸ், எதில் மின் பேஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1964இல் மேரி வெல்ஸ் பாடிய 'மை கை' போன்ற பாடல்களில் ஒலிப்பது ஜெர்மன் டபுள் பேஸ்; 1966, 1967 ஆண்டுகளில் ஃபோர் டாப்ஸின் 'ரீச் அவுட் ஐல் பி தேர்', 'பெர்னடெட்' ஆகியவற்றில் ஒலிப்பது ஃபெண்டர். அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு தெரியும்: டபுள் பேஸில் சுரம் தொடங்கும் இடத்தில் மரத்தின் காற்றொலி இருக்கும், விளிம்பு மென்மையாக இருக்கும். இரண்டும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதுதான் எனக்கு வியப்பு. மின்கருவியை இவ்வளவு தூரம் டபுள் பேஸின் பக்கம் இழுத்துவந்தவர் வேறு ஒருவர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தரையில் படுத்துக்கொண்டே வாசித்து ஒரு பாடலைப் பதிவுசெய்தார் என்பது உண்மையா?

மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாடலைப் பற்றிய கதை இது. மார்வின் கே அவரைத் தேடி விடுதிக்குப் போய் அழைத்துவந்தார் என்றும், குடித்திருந்த ஜேமர்சனால் இருக்கையில் நிமிர்ந்து உட்கார முடியாததால் தரையில் மல்லாந்து கிடந்தபடி இசைக்குறிப்பைப் பார்த்து வாசித்தார் என்றும் அந்த அமர்வோடு தொடர்புடையவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குடியைப் பெருமையாக்கும் தொனியில் இதைச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. அந்தக் குடிதான் அவரைக் கொன்றது. கருவியைப் பற்றிய செய்தியாக மட்டும் பார்த்தால், ஊன்றிய இரண்டு விரல்கள், மீட்டும் ஒரு விரல், பழகிய உயரத்தில் தந்தி என்று எல்லாம் மாறாமல் இருந்ததால்தான் அந்த நிலையிலும் கை தன் வழியைக் கண்டுபிடித்திருக்கிறது.

1971இல் வந்த அந்த இசைத்தொகுப்பின் உறையில்தான் மோடவுன் தன் கலைஞர்களின் பெயர்களை முறையாக அச்சிட்டது. ஜேமர்சனின் பெயருக்கு முன் 'ஒப்பற்ற' என்ற பொருள்படும் அடைமொழி இருந்தது. தொகுப்பின் எல்லாப் பாடல்களும் அவருடையவை அல்ல. சிலவற்றில் பாப் பாபிட் வாசித்திருக்கிறார்.

லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போன பிறகு கருவியை மாற்றினாரா?

மோடவுன் 1972இல் தன் தலைமையிடத்தை லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாற்றியது. ஜேமர்சன் 1973இல் அங்கே போனார். அங்கே அவருக்கு வேலை கிடைத்தது, ஆனால் நிலைக்கவில்லை. இசையின் விருப்பம் மாறியிருந்தது. ரவுண்ட்வவுண்ட் தந்திகளின் பளிச்சென்ற ஒலியும், கட்டைவிரலால் தந்தியை அறையும் முறையும் பரவிக்கொண்டிருந்தன. 1974இன் தொடக்கத்தில் ஓர் அமர்வின் தயாரிப்பாளர், பளிச்சென்று ஒலிக்கும் ரவுண்ட்வவுண்ட் தந்திகளுக்கு மாறும்படி அவரிடம் கேட்டார். ஜேமர்சன் மரியாதையோடு மறுத்துவிட்டார்.

இதைப் பிடிவாதம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதிய தந்தியைக் கட்டினால் ஒலி மட்டும் மாறுவதில்லை. பளிச்சென்ற தந்தி நெடுநேரம் ஒலிக்கும். நெடுநேரம் ஒலித்தால் அவர் சுரங்களை அடுக்கும் முறை குழம்பும். ஃபோமைக் கழற்ற வேண்டும், கை அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், ஒற்றை விரலின் கணக்கு முழுவதும் மாற வேண்டும். தயாரிப்பாளர் கேட்டது ஒரு தந்தி உறையின் விலை. ஜேமர்சனுக்கு அது இருபது ஆண்டுப் பழக்கத்தைக் கலைத்து மறுபடி கட்டும் வேலை. ஆனால் வாய்ப்புகள் குறைந்ததற்குத் தந்தி மட்டும் காரணமல்ல என்பதையும் மறைக்கக்கூடாது. உடல்நிலையும் குடிப்பழக்கமும் அதில் பெரும்பங்கு வகித்தன.

வேறு கருவிகளை அவர் தொட்டதே இல்லையா?

தொட்டிருக்கிறார். ஃபெண்டரின் ஐந்து தந்தி பேஸ், ஹாக்ஸ்ட்ரோம் நிறுவனத்தின் எட்டுத் தந்தி பேஸ் ஆகியவற்றை எப்போதாவது பயன்படுத்தியதாகப் பதிவுகள் உண்டு. அவருடைய ஒலியைப் பற்றிய கதையில் அவற்றுக்கு அதிக இடமில்லை.

அவருடைய 1962 பிரசிஷன் என்ன ஆனது?

1983 ஆகஸ்ட் 2 அன்று லாஸ் ஏஞ்சலிஸில், 47ஆம் வயதில், கல்லீரல் நோயின் சிக்கல்களால் ஜேமர்சன் இறந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் ஃபங்க் மெஷின் திருட்டுப்போனது. அதே ஆண்டு மார்ச்சில் மோடவுனின் 25ஆம் ஆண்டு விழா நிகழ்ச்சி பசடீனாவில் நடந்தபோது, அவர் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு பார்வையாளராகத்தான் உள்ளே போனார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், பக்கவாத்தியக் கலைஞர்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கி, முதல் அணியிலேயே அவரைச் சேர்த்தது 2000ஆம் ஆண்டில்.

இன்று அந்த ஒலியைப் பெற விரும்புபவர் என்ன வாங்க வேண்டும்?

குறைவாகத்தான். பிரிந்த பிக்கப் கொண்ட எந்தப் பிரசிஷன் வகைக் கருவியும் போதும். 1962இல் செய்ததையே தேடிச் சொத்தை விற்க வேண்டியதில்லை. லா பெல்லா நிறுவனம் 0.052 முதல் 0.110 வரையிலான ஃப்ளாட்வவுண்ட் தந்திகளை இன்றும் விற்கிறது. ஆனால் இந்தத் தந்திகளின் இழுவிசை அதிகம் என்பதால், கட்டிய சில நாட்களில் கழுத்து வளைகிறதா என்று பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் ஜேமர்சனைப் பின்பற்ற வேண்டாம் என்பது என் ஆலோசனை. சற்று மெல்லிய ஃப்ளாட்வவுண்ட் தொகுதியும் முக்கால் வழியைக் கடத்திவிடும்.

ஃபோமுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் மென்மையான ஸ்பான்ஜில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி, பிரிட்ஜை ஒட்டித் தந்திகளுக்கு அடியில் செருகினால் போதும். தந்தியைத் தூக்கும் அளவுக்கு அது தடித்திருக்கக்கூடாது; தொட்டுக்கொண்டிருந்தால் சரி. சுரம் ஒரு விநாடிக்குள் அடங்கினால் அளவு பொருத்தம், மீட்டிய உடனே செத்தால் துண்டு தடிமன் என்று பொருள். குமிழ்கள் இரண்டையும் முழுவதும் திறந்துவிட்டு, பதிவுசெய்வதானால் ஆம்ப்ளிஃபையரைத் தவிர்த்து நேரடியாகச் செருகி, உள்ளீட்டு அளவைக் கரகரப்பு தொடங்கும் விளிம்புக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். நடுவிரலை மடக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலால் மட்டும் மெதுவான ஒரு பாடலை வாசித்துப் பழகிய பிறகு வேகத்துக்குப் போகலாம்; முதல் சில வாரங்களில் முன்கை வலித்தால் நிறுத்தி ஓய்வு கொடுங்கள். தந்திகளை எப்போது மாற்றுவது என்று மட்டும் கேட்காதீர்கள். அவை அறுந்தால் மாற்றுங்கள்.